மேட்டூரில் எத்தனை அடி?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேத்தி பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வருவாள். நான் சனிக்கிழமை ராத்திரியே ஏற்பாட்டைத் தொடங்கிவிடுவேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொள்வேன்: பள்ளிக்கூடம், விழுந்த பல், நீச்சல் வகுப்பு, எதிர்வீட்டு நாய், மத்தியானச் சாப்பாடு. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஆய்வுக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியே தேய்ந்த கை இது. கலெக்டர் முன்னால் நின்று, செய்யாத வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் முன்னால் மூன்று நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துபோகும்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன் தாத்தா."

"என்ன சாப்ட?"

"தோசை."

"ஸ்கூல்லாம் எப்படிப் போவுது?"

"குட்."

"அந்த நாய் என்ன பண்ணுது?"

"அது அவங்க வீட்ல இருக்கு தாத்தா."

நியாயமான பதில்தான். நாய் அவர்கள் வீட்டில்தானே இருக்கும். அதற்குமேல் நான் தாளைப் பார்ப்பேன். அவள் திரையின் மூலையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, விழுந்த பல்லின் ஓட்டையில் நாக்கை நுழைத்துப் பரிசோதிப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசட்டும் என்றுதான் இத்தனை பெரிய கம்பெனிகள் இத்தனை கோடி செலவழித்து இதைக் கண்டுபிடித்தன. கடைசியில் அந்த வாசகம் வரும்: "அம்மாகிட்ட குடுக்கவா தாத்தா?" உலகத்துத் தாத்தாக்கள் எல்லாரும் இப்படித்தான் கைமாற்றப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

என் தாத்தாவுக்கு இந்தக் கஷ்டமே இருந்ததில்லை. அவர் பட்டியல் போட்டவர் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே விஷயம். அதையும் அவர் விஷயமாக நினைக்கவில்லை, கேள்வியாகத்தான் வைத்திருந்தார்.

"மேட்டூர்ல எத்தனை அடி?"

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மெட்ராஸில் இருந்தோம். பரீட்சை முடிந்த ராத்திரியே எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். மாயவரத்தில் இறங்கி, பூம்புகார் சாலையில் டவுன் பஸ் பிடித்து, பிரிகிற இடத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் தாத்தா ஊர். காவிரியின் கடைமடை. மேட்டூரில் மதகைத் திறந்தால் கல்லணைக்கு நாலு நாளில் தண்ணீர் வந்துவிடும். அங்கிருந்து எங்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பதை மேலே இருக்கிற ஊர்க்காரர்களின் மனசும் மடையும்தான் தீர்மானிக்கும். இந்தக் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஓர் அணையைப் பற்றித் தாத்தா காலையில் கண் விழித்ததும் கேட்பார். சாமி கும்பிடுவதெல்லாம் அப்புறம்தான்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பேப்பர் படிக்க முடியாது. டீக்கடைக்கு வரும் பேப்பரில் மேட்டூர் அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று ஒரு மூலையில் நாலு வரி போட்டிருப்பான். லீவு விட்டால் அதைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்க வேண்டியது என் வேலை. ஊர்ப் பையன்களான என் பெரியப்பா மக்கள், தாத்தா செருமும் சத்தம் கேட்டதுமே கொல்லைப்புறம் வழியாக மறைந்துவிடுவார்கள். மெட்ராஸ் பையனுக்குக் கொல்லையில் ஓடத் தெரியாது, முள் குத்தும். அதனால் நான்தான் அகப்படுவேன்.

"அறுபது அடி தாத்தா."

"வரத்து?"

"எழுநூறு கன அடி."

"ம்."

இந்த "ம்" என்பதில்தான் எல்லாம் இருக்கும். அணையின் முழு உயரம் 120 அடி. ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்குத் திறக்க வேண்டும். மே மாதத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பதை வைத்து, திறப்பானா, தள்ளிப்போடுவானா, குறுவை உண்டா, நேரே சம்பாதானா, விதைநெல்லை எடுக்கலாமா, பத்தாயத்திலேயே கிடக்கட்டுமா என்று அந்த ஒரு எழுத்துக்குள் கணக்குப் போட்டுவிடுவார். பத்து வயதுப் பையனுக்கு இதெல்லாம் புரியுமா? எனக்குத் தெரிந்ததெல்லாம், பதில் சரியாகச் சொல்லாவிட்டால் நமக்கு எத்தனை அடி விழும் என்பதுதான். உண்மையில் அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. ஆனாலும் "எத்தனை அடி" என்று ஒரு பெரியவர் கேட்கும்போது பையன்களுக்கு வேறு அர்த்தம்தானே தோன்றும்.

ஒப்பித்து முடித்தால் விட்டுவிட மாட்டார். திண்ணையில் உட்காரவைத்து வெற்றிலைச் செல்லத்தைத் தள்ளுவார். பல் போனவர். பாக்கை வெட்டி, வெற்றிலையில் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சின்ன இரும்பு உரலில் போட்டு நான் இடித்துத் தர வேண்டும். இடிக்க இடிக்க வாய்க்கணக்கு வரும். "ஏன்டா தம்பி, மாவுக்குப் பன்னெண்டு கலம் கண்டா, வேலிக்கு எத்தனை கலம்?" ஒரு வேலிக்கு இருபது மா என்று தெரிந்தால்தான் இது கணக்கு; தெரியாவிட்டால் விடுகதை. மெட்ராஸ் கான்வென்டில் வேலி என்றால் காம்பவுண்டு. "இருநூத்தி நாப்பது" என்று பெரியப்பா மகன் ஜன்னலுக்குள்ளிருந்து கிசுகிசுப்பான். அடுத்து மாகாணி, அரைக்கால், முந்திரி. முந்திரி என்றால் எனக்குப் பாயசம். அவருக்கு அது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. நயா பைசா வந்து இருபது வருஷம் ஆகப்போகிற காலத்திலும் அவர் ஒரு ரூபாயைப் பதினாறு அணாவாகத்தான் உடைப்பார்.

கணக்கு முடிந்தால் வெள்ளம். 1924 வெள்ளம். அப்போது அவருக்கு இருபது வயது. மேட்டூர் அணை கிடையாது. அது 1934-இல்தான் முடிந்தது. கொள்ளிடம் உடைத்துக்கொண்டு வந்ததையும், ஒரு முழு வைக்கோல் போர் கட்டுக் குலையாமல் மிதந்து போனதையும், அதன் உச்சியில் ஒரு ஆடும் ஒரு நல்ல பாம்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை ஒன்று சட்டை செய்யாமல், டிக்கெட் வாங்கிய பிரயாணிகள் மாதிரி கடலைப் பார்த்துப் போனதையும் சொல்வார். ஒரு லீவில் இதை நான் எண்ணினேன். பதினேழு தடவை. பதினோராவது தடவையில் பாம்பு இரண்டாயிற்று. பதினான்காவதில் ஆடு குட்டி போட்டது.

இன்றைக்கு இதைச் சொன்னால், எவ்வளவு அருமையான பால்யம், எவ்வளவு பெரிய பொக்கிஷம் என்று உருகுகிறார்கள். அப்போது எனக்கு அது தண்டனை. வெளியே பையன்கள் பம்புசெட்டில் குதிக்கிற சத்தம் கேட்கும். நான் பாக்கு இடித்துக்கொண்டிருப்பேன். தாத்தாவிடம் பேச விஷயம் இல்லையே என்று நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. அவரிடமிருந்து தப்பிக்கத்தான் விஷயம் தேடினேன்.

தேடியதில் ஒன்று கிடைத்தது.

ஒரு மே மாதம், டீக்கடைக்குப் போகாமல் நேரே பம்புசெட்டுக்குப் போய்விட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, குத்துமதிப்பாக "அறுபத்தொண்ணு" என்றேன். முந்தின நாள் அறுபது. தாத்தா முகம் மலர்ந்தது. கோடையில் ஏறுகிறதே! மறுநாளும் பம்புசெட்டு, மறுநாளும் ஒரு அடி. நான் ஏற்ற ஏற்ற அவர் அதற்குக் காரணம் கண்டுபிடித்தார். "கொடகுல கோடை மழை கொட்டுது போல. அதான் வரத்து." திண்ணைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் குடகு மழையை விவரித்தார். ஒன்பது நாளில் நான் தனியாளாக மேட்டூர் அணையை ஒன்பது அடி உயர்த்தினேன். கர்னல் எல்லிஸ் ஒன்பது வருஷம் கட்டிய அணை அது.

பத்தாம் நாள் டீக்கடைக்காரரே ஏதோ வேலையாக எங்கள் திண்ணைக்கு வந்தார். தாத்தா பெருமையாக, "அறுபத்தொம்போது வந்துட்டுது, பாத்தீரா?" என்றார். டீக்கடைக்காரர் விழித்தார். "யாருங்க சொன்னது? இன்னிக்கும் அறுபதுதானே போட்டிருக்கான். அதுவும் கொறைய ஆரம்பிச்சிடுச்சு."

உரலில் இருந்த என் கை அப்படியே நின்றது. கூட நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குடகு மழையைக் கேட்டு விதைநெல்லை வெயிலில் காட்டியவர்களும் அதில் உண்டு. தாத்தா கொஞ்ச நேரம் என் பக்கமே திரும்பவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பையனுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. சுழியும் ஒம்போதும் அவனுக்கு ஒண்ணாத் தெரியுது. மாயவரம் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டணும்."

காட்டினார். நிஜமாகவே மறுநாள் பஸ் ஏற்றி மாயவரத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். தன் இரண்டு கண்ணின் புரைக்கு மூன்று வருஷமாகப் போகாத மனிதர். பொய் சொன்ன குற்றத்துக்குப் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்தேன். நாலாவது வரியில் திணறினேன். பயத்தில் திணறுகிறேன் என்றுதான் நானே நினைத்தேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "மைனஸ் ஒண்ணே கால். ஸ்கூல்ல போர்டு எப்படிப் படிக்கிறான்?" என்றார். என் முதல் கண்ணாடி அப்படி வந்தது. இன்றுவரை மூக்கின்மேல் இருக்கிறது. எண் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறியது, அதுவும் யாரும் பொய் சொல்லாமலே.

அந்தப் பொய்யைத் தாத்தா நம்பினாரா, என்னை நாலு பேர் முன்னால் காப்பாற்றினாரா என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. கண்ணாடி வந்த அன்றைக்கே பேப்பர் வேலை திரும்ப ஆரம்பித்துவிட்டது. இப்போது சாக்குச் சொல்லவும் வழியில்லை.

காலேஜ் படிக்கும்போது நண்பர்களோடு மேட்டூருக்குப் போனேன். பதினாறு கண் மதகைப் பார்த்தேன். அணை வற்றினால் பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே வரும் என்று கேள்விப்பட்டு, அவை தெரிகின்றனவா என்று தேடினேன். தெரியவில்லை, நல்ல தண்ணீர். ஊருக்கு வந்து தாத்தாவிடம் இதை விவரித்தபோதுதான் தெரிந்தது, அவர் மேட்டூரைப் பார்த்ததே இல்லை. ஐம்பது வருஷமாகத் தினமும் விசாரித்த இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

"ஒருநாள் போயிட்டு வரலாமே தாத்தா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அங்க போயி என்னத்தப் பாக்குறது? தண்ணி இங்கதானே வருது" என்றார்.

அதோடு, அணை கட்டியதிலிருந்து வண்டல் வருவதில்லை, வெறும் தண்ணீர்தான் வருகிறது என்று ஒரு குறையும் சொன்னார். அணையின்மேல் அவருக்கு அன்பு ஒன்றும் கிடையாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாக்கி வைத்திருக்கிற ஆளை விசாரிப்பது மாதிரிதான் விசாரித்திருக்கிறார்.

கடைசியாக அவரைப் பார்த்தது மழை பொய்த்த ஒரு வருஷம். எனக்கு வேலை கிடைத்திருந்தது. படுக்கையில் இருந்தார். காது அநேகமாகப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, "யாரு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாகக் கிடக்கிறவரிடம் பேச நமக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான், பரீட்சை வைப்பது. என் முறை வந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்: "தாத்தா, மேட்டூர் நூறைத் தாண்டிடுச்சு!" அப்போது அணையில் இருந்தது அதில் பாதிகூட இல்லை.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தியாடா?"

கூடியிருந்தவர்கள் நினைவு தப்பிவிட்டது என்று சொன்னார்கள்.

இப்போது எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தாத்தாவின் ஒன்றரை வேலி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்து, அப்பா பங்கு என் தங்கை கல்யாணத்துக்கும் என் படிப்புக்கும் போய்விட்டது. ரிட்டையரானதும் மாயவரத்துக்கே வந்துவிட்டேன். ஊர் 1982-இல் மயிலாடுதுறை ஆகி, 2020 டிசம்பரில் மாவட்டமும் ஆகிவிட்டது. வாய்க்கு மட்டும் இன்னும் மாயவரம்தான். அரிசி கடையில் வாங்குகிறேன். ஆனாலும் காலையில் பேப்பரைப் பிரித்தால் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள் என்றபோது, ஏதோ எனக்குப் போனஸ் கிடைத்ததுபோல் மனைவிக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். "உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். பதில் இல்லை. பரம்பரைச் சொத்தில் என் பங்குக்கு மிஞ்சியது இந்தக் கேள்வி மட்டும்தான்.

அந்தக் கேள்விக்குத்தான் பேத்தி வீட்டில் தடை.

2016 செப்டம்பரில் காவிரி உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் வந்து, தமிழ்நாட்டு பஸ்களைக் கொளுத்தினார்கள். பேத்திக்கு அப்போது இரண்டு வயது. மாப்பிள்ளையின் கார் நம்பர் டி.என். என்று தொடங்கும். அதைப் பழைய போர்வையால் மூடி, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மூலையில் நிறுத்திவைத்தார். அன்றைக்கு ராத்திரி மகள் போனில் சொன்னாள்: "அப்பா, இனிமே போன்ல மேட்டூர், கே.ஆர்.எஸ்., திறந்தான், திறக்கல... இந்தப் பேச்செல்லாம் வேணாம். நீங்க சத்தமாப் பேசுவீங்க. எங்க வீட்டுச் சுவரு ரொம்ப மெல்லிசு." சரி என்றேன். தாத்தா வழியில் எனக்குப் பேசத் தெரிந்தது ஒன்று. அதையும் சட்டம் போட்டு நிறுத்தியாயிற்று. அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டு நாய், விழுந்த பல் என்று பட்டியல் போடுகிற நிலைக்கு வந்தேன். இதில் நாய்க்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. எனக்கு நாய் பிடிக்காது.

சும்மா இருக்க முடியாமல் 2018 பிப்ரவரி காவிரித் தீர்ப்பை மட்டும் வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 192 டி.எம்.சி. விடச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. அதாவது கடைமடைத் தாத்தாவின் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒயிட்ஃபீல்டு பேத்தியின் சொம்பில் ஊற்றியிருக்கிறார்கள். எத்தனையோ குடும்பப் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமானதைப் பார்த்ததில்லை. இதில் யார் பக்கம் நின்று கோபப்படுவது என்று தெரியாமல் பேப்பரை மடித்துவைத்தேன்.

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி கையில் ஒரு தாளோடு வந்தாள். பள்ளியில் தாத்தா பாட்டி தினமாம். தாத்தாவையோ பாட்டியையோ பேட்டி எடுத்து, குரலைப் பதிவுசெய்து, எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். பத்துக் கேள்விகள் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் தாத்தா தினம் என்று தனியாக ஒன்று கிடையாது; எல்லா நாளையும் அவர்களே பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்வி ஒன்று. சின்ன வயசுல உங்க ஃபேவரிட் சாக்லேட் எது?"

"சாக்லேட்டா? ஆரஞ்சு மிட்டாய்."

"அது சாக்லேட் இல்ல தாத்தா. பரவால்ல. கேள்வி ரெண்டு. நீங்க எப்படி ரிலாக்ஸ் பண்ணுவீங்க?"

"பம்புசெட்டுல குதிப்போம்."

இப்படியே போய், எட்டாவது கேள்வி: "உங்க தாத்தா உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

மகள் பின்னால் சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கத்திச் சத்தம் நின்றது. நான் பொய் சொல்லியிருக்கலாம். கதைகள் சொல்வார், ராஜா ராணி, திருக்குறள் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் கைதட்டியிருப்பார்கள். தாத்தா விஷயத்தில் இரண்டு தடவை பொய் சொல்லி இரண்டு தடவையும் அகப்பட்டவன் நான். "மேட்டூர்ல எத்தனை அடின்னு கேப்பாரு" என்றேன்.

"மேட்டூர்னா?"

"டேம்மா. காவிரியில. உங்க ஊர்ல இருந்து..."

"கே.ஆர்.எஸ். மாதிரியா?" என்றாள். கண்ணில் வெளிச்சம் வந்தது. "எங்க மிஸ் தினமும் கே.ஆர்.எஸ். லெவல் போர்டுல எழுதுவாங்க தாத்தா. ஃபுல்லுன்னா 124.80. மார்ச்ல எங்க அபார்ட்மென்ட்ல தண்ணியே இல்ல தெரியுமா? காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். போர்வெல் காஞ்சு போச்சு. லாரி வந்தா எல்லாரும் பால்கனில நின்னு பாப்போம்."

லாரித் தண்ணீருக்கும் காவிரித் தண்ணீருக்கும் ருசி எப்படி வேறுபடும், எந்த அத்தை வீட்டில் குளித்தார்கள், காகிதத் தட்டில் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று நிறுத்தாமல் சொன்னாள். நான் என் பங்குக்கு வைக்கோல் போரைச் சொன்னேன். ஆட்டையும் பாம்பையும் மேலே ஏற்றினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தைந்து நிமிஷம் பேசினோம். மகள் தடையை நினைவுபடுத்தவில்லை. சுவரும் அதே மெல்லிய சுவர்தான்.

அப்புறம் ஞாயிறு வரை காத்திருப்பது நின்றது. அந்த மாதம் குடகிலும் வயநாட்டிலும் நிஜமாகவே மழை கொட்டியது. நான் கிளப்பிவிட்டது இல்லை. கபினி முதலில் நிரம்பியது, பிறகு கே.ஆர்.எஸ். மாதத் தொடக்கத்தில் மேட்டூரில் 40 அடியை ஒட்டித்தான் தண்ணீர். அந்த வருஷம் ஜூன் 12 திறப்பு இல்லாமலே போயிருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் அவள் கூப்பிடுவாள். கே.ஆர்.எஸ். நிரம்பிய அன்றைக்கு மூச்சு வாங்க வந்து கேட்டாள்: "நாங்க திறந்து விட்டுட்டோம் தாத்தா. உங்களுக்கு வந்துச்சா?"

'நாங்க', 'உங்களுக்கு'. இரண்டு மாநில வக்கீல்களும் முப்பது வருஷமாகச் சொல்லாத வாக்கியம் இது. "வருதும்மா, வருது. ஒகேனக்கல் தாண்டிட்டுது" என்றேன். 28-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். 30-ஆம் தேதி சாயங்காலம் 120 அடி நிரம்பியது.

அதற்காக எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். பேட்டியில் என் குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறாள் அல்லவா? தீபாவளிக்கு வந்தபோது வெள்ளக் கதையை ஆசையாக மறுபடி ஆரம்பித்தேன். "தாத்தா, வெயிட்" என்று போனை எடுத்து, ஜூலையில் நான் சொன்னதைப் போட்டுக் காட்டினாள். "அன்னிக்கு ஒரு பாம்புதான் சொன்னீங்க. இப்ப ஏன் மூணு?" என் தாத்தா பதினேழு தடவை சொன்ன கதைக்குச் சாட்சி என் விரல் மட்டும்தான். இவளிடம் ஆதாரம் இருக்கிறது. இனி எங்கள் குடும்பத்தில் பாம்பு பெருக வாய்ப்பே இல்லை.

போன மாதம் ஒருநாள் கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். கீழே விளையாட இறங்குகிற அவசரம் குரலிலேயே தெரிந்தது.

"கே.ஆர்.எஸ்.ல எத்தனை அடிம்மா?"

"142 தாத்தா. பை!"

கே.ஆர்.எஸ். அணையின் உச்சமே 124.80. 142 என்பது முல்லைப் பெரியாறு. அவள் போர்டைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மகளைக் கூப்பிட்டேன்.

"குழந்தைக்கு ரெண்டும் நாலும் மாறித் தெரியுது போல. எதுக்கும் ஒருதரம் கண் டாக்டர்கிட்ட காட்டிடு."

மகள் அந்தச் சனிக்கிழமையே கூட்டிப்போயிருக்கிறாள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

இரண்டு கண்ணும் 6/6. கோளாறு ஒன்றுமில்லை.